முதலாளியின் மனசும் தங்கத்தின் மாற்றும்

கடைக்காரரின் போக்கு பிடிக்கவில்லை, அவரிடம் நகை வாங்கலாமா? மலையகத்தின் பல டவுன்களில் இருந்து வந்த கேள்விகள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கணக்கு வரும் இடங்களில் 22 கரட் பவுண் ஒன்றை, அதாவது 8 கிராமை, ஒரு இலட்சம் ரூபா என்று எடுத்திருக்கிறேன். கணக்கு லேசாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும்தான் அது. அன்றைய விலையை வைத்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹட்டன்: அம்மா காலத்தில் இருந்து ஒரே கடையில்தான் நகை எடுக்கிறோம். சம்பளப் போராட்டம் நடந்தபோது அந்த முதலாளி, கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இவ்வளவு சம்பளம் எதற்கு என்று பேஸ்புக்கில் எழுதியிருந்தார். இப்போது மகளுக்குக் காதுகுத்து. தோட்டை அங்கேயே எடுக்கவா, வேறு கடைக்குப் போகவா?

வேறு கடைக்குப் போவது உங்கள் உரிமை அக்கா. அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படை 1350 ஆனது. அந்த 1350இல் ஒரு இலட்சம் சேர்க்க 74 நாள் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போக வேண்டும். அந்த 74 நாளில்தான் அவர் கடை ஓடுகிறது. அதை மறந்து எழுதுகிறவரிடம் காசைக் கொடுக்க மனசு வராதது நியாயமே.

ஆனால் போகும்முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்த எண்ணம் பேஸ்புக்கோடு நிற்கிறதா, மேசைக்கும் வருகிறதா? சோதிக்க வழி இருக்கிறது. ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்துக்குள், இரண்டு பேரைத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒருவர் தோட்டத்து ஆள் என்று பார்த்ததும் தெரியட்டும், மற்றவர் டவுன் ஆள் மாதிரி இருக்கட்டும். இருவரும் ஒரே நகையைக் கேட்டு நான்கு விஷயங்களை எழுதி வாங்க வேண்டும்: அன்றைய பவுண் விலை, எடை, சேதாரம் எத்தனை வீதம், செய்கூலி எவ்வளவு. பேரம் பேசாமல் வரச் சொல்லுங்கள். பேரம் வந்துவிட்டால் ஒப்பிட முடியாது.

8 கிராம் சங்கிலி ஒன்றுக்கு 10 வீதம் சேதாரம் என்றால் 0.8 கிராம், அதாவது 10,000 ரூபா. செய்கூலி 4,000 சேர்த்தால் மொத்தம் 1,14,000. அதே சங்கிலிக்கு இன்னொருவரிடம் 14 வீதம் சொன்னால் 1,18,000. இடையில் உள்ள 4,000 என்பது அதே 1350 கணக்கில் மூன்று நாள் சம்பளம். அப்படி வித்தியாசம் வந்தால் அதற்குப் பேர் கருத்து இல்லை, ஏமாற்று. வித்தியாசம் வராவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் மனச்சாட்சிக் கேள்வி. அதற்கு என்னிடம் உரைகல் கிடையாது.

தலவாக்கலை: எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. முதலாளி தங்கமான மனுசன். கோயில் தேருக்கு, அன்னதானத்துக்கு எல்லாம் முதல் ஆளாக நிற்பார். அதனால் அப்பா பில் கேட்பதே இல்லை, கேட்டால் அவமரியாதை என்கிறார். பயப்பட ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மலையகத்தில் பணம் போகும் வழிகளில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். கெட்ட ஆளிடம் எல்லோரும் உஷாராக இருப்போம். நல்ல ஆளிடம் எடையைக்கூடப் பார்க்க மாட்டோம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருக்குச் சரக்கு கொடுக்கிற பட்டறை நேர்மையானதா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கடையில் தொங்கும் நகையில் பெரும்பகுதி அந்தக் கடையில் செய்தது இல்லை.

22 கரட் என்றால் 91.6 வீதம் தங்கம். 8 கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம் இருக்கும். 21 கரட்டில் 87.5 வீதம், 7 கிராம்தான். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் 21ஐ 22 என்று விற்றால் பவுணுக்கு ஏறக்குறைய 4,500 ரூபா கைமாறிவிடும். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அந்த 0.33 கிராம் திரும்பி வந்துவிடாது.

அப்பாவுக்குச் சங்கடம் இல்லாமல் கேட்க ஒரு வழி: “பிறகு மாற்ற வரும்போது கடைப் பையன் புதிதாக இருப்பான், அதுக்குத்தான் ஒரு பில் போட்டுத் தாங்க முதலாளி.” நல்லவர் சிரித்துக்கொண்டே போடுவார். பில்லில் இருக்க வேண்டியவை: கடையின் பெயரும் முகவரியும், திகதி, நகையின் பெயர், கரட், மொத்த எடை, கல் எடை தனியாக, தங்கத்தின் நிகர எடை, அன்றைய விலை, சேதாரம், செய்கூலி. துண்டுக் கடுதாசியில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அது பில் இல்லை. அதை வைத்துக்கொண்டு எங்கேயும் நிற்க முடியாது.

எடை போடும்போது இரண்டைக் கவனியுங்கள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும், நகையை வைக்கும்முன் 0.00இல் அசையாமல் நிற்க வேண்டும். நம் ஊர்க் காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி மூடி இருந்தால் மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். அடுத்தது, உள்ளே கூடாக இருக்கும் காப்பு, குண்டு, பதக்கம். இவற்றுக்குள் அரக்கு நிரப்புவது பழைய வழக்கம், தப்பும் இல்லை. அரக்கின் எடையைத் தங்கத்தின் விலைக்குப் போடுவதுதான் தப்பு. வாங்கும்முன் “உள்ளே அரக்கு இருக்கா, எத்தனை கிராம் கழிச்சீங்க” என்று கேட்டு, பதிலைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

தலவாக்கலை (தொடர்ச்சி): வீட்டிலேயே சோதிக்க ஏதாவது வழி?

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் ஓரளவு முடியும். நகையை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். 8.00 கிராம் என்று வைப்போம். தராசில் பாதி தண்ணீருடன் ஒரு கோப்பையை வைத்து 0.00 ஆக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. தராசு காட்டும் எண்ணால் நகை எடையை வகுங்கள். 22 கரட் என்றால் 0.45 பக்கம் காட்டும், 8ஐ 0.45ஆல் வகுத்தால் 17.8 வரும். 18 கரட் என்றால் 0.52 பக்கம் போகும், விடை 15 சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

சங்கிலியின் கண்ணிகளுக்குள் காற்றுக் குமிழி நின்றால் நல்ல நகையும் கெட்டதாகத் தெரியும். முதலில் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுங்கள். கல் வைத்தது, கூடாக இருப்பது, அரக்கு நிரப்பியது எதற்கும் இந்தச் சோதனை பொருந்தாது. 22க்கும் 21க்கும் உள்ள வித்தியாசத்தையும் இதில் நம்பிச் சொல்ல முடியாது, கடைசி இலக்கத்திலேயே கரைந்துவிடும். அதற்குத் தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்காபரண அதிகார சபையின் பரிசோதனைதான். கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் இயந்திரமும் நல்லதே, ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். முலாம் பூசியிருந்தால் முலாமைத்தான் சொல்லும். மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் ஒன்று கொளுக்கியாக இருக்கட்டும். கொளுக்கிக்கு விறைப்பு வேண்டும் என்று குறைந்த கரட்டில் செய்வது உண்டு. அதைச் சொல்லி விற்றால் சரி, சொல்லாமல் விற்றால் கேளுங்கள்.

பண்டாரவளை: நகைச் சீட்டு, மாதம் 10,000 வீதம் 11 மாதம். பன்னிரண்டாவதைக் கடை போடும். 7 மாதம் கட்டிவிட்டேன். இப்போதுதான் முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரிய வந்தது. மனசு கேட்கவில்லை. நிறுத்திவிடவா?

“எப்படிப்பட்டவர்” என்பதில்தான் பதில் இருக்கிறது தம்பி. மற்ற எல்லோரும் இந்த இடத்தைக் கவனியுங்கள். காசைக் கொடுத்து நகையைக் கையில் வாங்கும்போது, சரக்கு மேசையில் இருக்கிறது. உரைக்கலாம், நிறுக்கலாம், வேண்டாம் என்று எழும்பி வரலாம். முதலாளியின் குணம் அங்கே பெரிதாக வேலை செய்யாது. ஆனால் சீட்டு, ஓடருக்குக் கொடுத்த முற்பணம், பழுது பார்க்க விட்ட நகை, உருக்கக் கொடுத்த பழைய தங்கம், இந்த நான்கிலும் உங்கள் பொருள் அவர் கையில் இருக்கிறது. அங்கே அவருடைய நாணயம்தான் உங்கள் நகை.

ஆகவே, அவரைப் பற்றித் தெரிய வந்தது காசு விஷயமா என்று பாருங்கள். முடிந்த சீட்டுக்கு நகை கொடுக்காமல் இழுக்கிறார், நடுவில் நிபந்தனையை மாற்றுகிறார், பழுதுக்கு விட்ட நகை எடை குறைந்து வருகிறது என்றால், பன்னிரண்டாவது தவணையைப் பார்க்காதீர்கள். 10,000 ரூபா ஊக்கத்துக்காக 70,000ஐ ஆபத்தில் விட வேண்டாம். சீட்டு அட்டையைப் படம் பிடித்து, அட்டையின் பின்னால் உள்ள நிபந்தனையைப் படித்து, இடையில் விலகுவதாகக் கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். பெரும்பாலான கடைகள் காசாகத் தராது, அன்றைய விலைக்கு நகையாகத் தரும். அப்படியானால் சேதாரம் குறைந்த பொருளைக் கேளுங்கள். தங்கக் காசு, அல்லது வேலைப்பாடு இல்லாத வளையம். அட்டியல் எடுத்தால் சேதாரத்திலேயே 70,000இல் ஒரு துண்டு போய்விடும்.

தெரிய வந்தது அவருடைய அரசியல், குடும்பம், பேச்சு என்றால் கணக்கு வேறு. இன்னும் 40,000 கட்டினால் 1,20,000க்கு நகை. இப்போது விலகினால் அவருக்கு 10,000 இலாபம். பிடிக்காத ஆளுக்கு ஏன் பரிசு கொடுக்கிறீர்கள்? கட்டி முடித்து, நகையை எடுத்து, அத்தோடு நிறுத்துங்கள்.

கண்டி: தாலியைச் சைவக் கடையில் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று மாமி பிடிவாதம். எங்களுக்கு வழக்கமாகச் செய்து தருவது முஸ்லிம் முதலாளி, வேலை சுத்தம்.

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. தாலியைச் சடங்கோடு பொன்னுருக்கிச் செய்விக்க வேண்டும் என்றால் அதற்குரிய பத்தரிடம் போவது உங்கள் வீட்டு முறை, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆளின் நடத்தையைப் பார்த்து விலகுவது வேறு, அவர் பிறந்த மதத்தைப் பார்த்து விலகுவது வேறு. முதலாவதில் அவர் செய்த ஏதோ ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் அவர் ஒன்றும் செய்யவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிவதற்கு முன்னாலும் “அவன் கடையில் வாங்காதே” என்ற பேச்சு இருந்தது. கண்டியில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாலியை மாமி விரும்பும் இடத்தில் செய்யுங்கள். கொடியையும் மற்ற நகையையும் வழக்கமான கடையில் எடுங்கள். வேலை சுத்தமான பட்டறை கிடைப்பது லேசு இல்லை.

மாத்தளை: தாலி செய்கிற பத்தர் மச்சம் சாப்பிடுகிறவர். பரவாயில்லையா?

தங்கத்துக்குப் பரவாயில்லை. சடங்குக்கு வேண்டுமானால் அந்த நாளில் விரதம் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பலர் கேட்காமலே இருப்பார்கள்.

பொகவந்தலாவை: இங்கே ஆற்றோரத்தில் எடுத்த நீலக்கல் என்று ஒருவர் மோதிரத்துக்குக் கல் தருகிறார். விலை குறைவு. ஆள் நல்லவர், ஆனால் பில் இல்லை. அனுமதி இல்லாத குழிக் கல்லாக இருக்குமோ என்று சந்தேகம்.

இந்தக் கேள்வியில்தான் விற்கிறவரின் மனசும் பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தங்கத்தை உருக்கினால் அது எங்கே இருந்து வந்தது என்ற அடையாளம் போய்விடும். கல்லுக்கு ஒரு குழி இருக்கிறது, அந்தக் குழி யாரோ ஒருவரின் தேயிலை மலையிலோ ஆற்றங்கரையிலோ இருக்கிறது. கெசல்கமு ஓயாவின் கரையைத் தோண்டினால் மண் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். அனுமதிப்பத்திரம் உள்ளவர் குழியைத் திரும்ப மூட வேண்டும், அதற்காகப் பிணைப் பணமும் கட்டியிருப்பார். திருட்டுக் குழியை மூட ஆள் வராது. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கும், லயத்துப் பிள்ளைகள் போய் விழும்.

என்ன செய்யலாம்? மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் இலக்கத்துடன் பில் தரட்டும். பில்லில் கல்லின் பெயர், நிறம், எடை, சூடாக்கியதா இல்லையா என்பது வேண்டும். கல் எடையிலும் “கரட்” வரும், குழம்பாதீர்கள். தங்கத்தில் கரட் என்பது 24இல் எத்தனை பங்கு சுத்தம் என்பது, கல்லில் ஒரு கரட் என்பது 0.2 கிராம் எடை.

பரிசோதனைக் கூடத்துச் சான்றிதழ் கொண்டுவந்து காட்டினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். இது இயற்கை நீலக்கல்லா, சூடாக்கியதா என்று அது சொல்லும். குழிக்கு அனுமதி இருந்ததா என்று சொல்லாது. “சான்றிதழ் இருக்கே” என்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பில்லும் இல்லை, இலக்கமும் இல்லை என்றால் ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் இதே கேள்வியை உங்களிடம் கேட்பார்கள்.

மஸ்கெலியா: பேரனுக்குப் புலிநகம் கட்டிய சங்கிலி போட ஆசை. “உண்மையான நகம்” என்று ஒருவர் இரகசியமாகக் காட்டினார்.

வேண்டாம் ஐயா. இலங்கையில் புலி கிடையாது. புலிநகம் என்று இங்கே விற்பது ஒன்றில் சிறுத்தையின் நகம், இல்லாவிட்டால் மாட்டுக் கொம்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது. ஊசியைச் சூடாக்கி வைத்தால் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். கொம்பும் நகமும் எரிந்தால் இரண்டுக்கும் முடி கருகிய வாசம்தான், அதனால் அதில் ஏமாறுவீர்கள். உண்மையானது என்றால் அதைவிட மோசம். சிறுத்தை பாதுகாக்கப்பட்ட பிராணி. அதன் நகம், பல், தோல் எதையும் விற்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம், வாங்கி வைத்திருக்கிறவரும் மாட்டுவார். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை செத்த கதை உங்கள் பக்கத்து ஆட்களுக்கே தெரியும். இங்கே விற்கிறவரின் கொள்கையை ஆராய வேண்டியதே இல்லை, சரக்கே சொல்லிவிடுகிறது. பேரனுக்கு நக வடிவத்தில் தங்கத்திலேயே செய்து கொடுங்கள், அல்லது திருமாலின் ஐந்து படைக்கலன் வடிவம் கொண்ட ஐம்படைத்தாலி செய்யுங்கள். ஒரு கிராமுக்குக் குறைவாகவே முடிக்கலாம். ஓரம் மழுங்கலாக இருக்கட்டும், பிள்ளை வாயில் வைக்கும்.

பதுளை: ஒரு கடையில் “எங்கள் நகை எல்லாம் கேடிஎம், அதனால் சுத்தம்” என்கிறார்கள். இன்னொரு கடைக்காரர், “அது வேலைக்காரனைக் கொல்கிற வேலை, நான் செய்ய மாட்டேன்” என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டாவது ஆள். கேடிஎம் என்பது சுத்தத்தின் முத்திரை இல்லை, பற்ற வைக்கும் முறை. பழைய பற்றாசில், அதாவது நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவையில், செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும், அதனால் பற்று அதிகமுள்ள நகையை உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், இறங்கும். அதைத் தவிர்க்கத் தங்கத்தோடு காட்மியம் கலந்து பற்ற வைத்தார்கள். தங்கம் உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும். காட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நகையில் அது பெரிதாக மிஞ்சாது, நகைக்கு நல்லது. போன ஆவி எங்கே? உமியோட்டுக்கு, அதாவது பத்தரின் நெருப்புச் சட்டிக்கு, மேல் குனிந்து ஊதுகிறவரின் நெஞ்சுக்குள். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும் நஞ்சு அது. குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யும் நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் இது இன்னும் மோசம்.

முதலாளியின் கொள்கை நகைக்குள்ளேயே இருக்கும் இடம் இது. கேட்க வேண்டிய கேள்வி: “பற்ற வைக்க என்ன பாவிக்கிறீங்க?” துத்தநாகம் கலந்த, காட்மியம் இல்லாத பற்றாசு இருக்கிறது. அதைப் பாவிக்கிறவர் பெயரைச் சொல்லி, பெருமையாகவே பதில் சொல்வார். “அதெல்லாம் பட்டறைக்காரன் பார்த்துக்குவான்” என்று வந்தால் அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

நுவரெலியா: நான் நகைக்கடையில் வேலை செய்கிற பிள்ளை. வாடிக்கையாளர்கள் முதலாளியைப் புகழ்கிறார்கள். எங்களுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவதில்லை. வெளியே சொன்னால் வேலை போகும்.

வெளியே சொல்லத் தேவையில்லை தங்கச்சி, எழுதி வையுங்கள். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 8 வீதம், 2,400. முதலாளி போட வேண்டியது 12 வீதம், 3,600. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900. இது முழுசாக அவர் கையில் இருந்து போக வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. சம்பளச் சீட்டில் 2,400 பிடித்துவிட்டுக் கணக்கில் போடாமல் இருந்தால் விஷயம் இன்னும் பாரதூரமானது. சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் மாதாமாதம் சம்பளம் வாங்கிய திகதியும் தொகையும் ஒரு கொப்பியில். அதோடு அருகில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய், பெயரை வெளியிடாமல் விசாரிக்கும்படி கேளுங்கள்.

வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முகம் மாறிக்கொண்டே இருந்தால், நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால், முதலாளியின் கொள்கை என்ன என்று பேஸ்புக்கில் தேட வேண்டியதில்லை.

கம்பளை: மூன்று பவுணில் நெக்லஸ் எடுத்து இரண்டு வருசம். கடைக்காரர் பெண்சாதியை அடிக்கிறவர் என்று இப்போது தெரிந்தது. அந்த நெக்லஸைப் போடவே பிடிக்கவில்லை. உருக்கி வேறு செய்யட்டுமா?

உங்கள் மனசு புரிகிறது அக்கா, ஆனால் காசு அவர் கையை விட்டுத் திரும்பி வராது. உருக்கினால் நட்டம் உங்களுக்கு மட்டும். பழைய சேதாரமும் செய்கூலியும் போனது போனதுதான். கல் இருந்தால் கழிப்பார்கள், உருக்கும்போது பற்றாசினால் மாற்று கொஞ்சம் இறங்கும், புதிய நகைக்குத் திரும்பச் சேதாரம் 10 வீதம் என்றாலே 30,000. அந்த நெக்லஸைச் செய்த பத்தர் வேறு யாரோ, அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்தக் கடைக்கு இனிப் போகாதீர்கள். அடிவாங்குகிற அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியும் என்றால், 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அவர் கையில் சேர்ப்பது நெக்லஸை உருக்குவதைவிடப் பெரிய வேலை.

நாவலப்பிட்டி: விலகுவதென்று முடிவெடுத்தால் ஊருக்கே தெரியும்படி பேஸ்புக்கில் போடலாமா?

கையில் இருப்பதை மட்டும் போடுங்கள். “இந்தத் திகதியில் 22 கரட் என்று வாங்கினேன், பரிசோதனையில் 20 என்று வந்தது, பில்லும் அறிக்கையும் இதோ” என்றால் அது நடந்த விஷயம். “கள்ளன், மோசடிக்காரன்” என்று எழுதினால் நாளைக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும். அவதூறு குற்றவியல் சட்டத்தில் இருந்து 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்கு இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. எடையிலோ கரட்டிலோ ஏமாற்று என்றால் முதலில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977க்கு அழையுங்கள். பில் இல்லாவிட்டால் அங்கேயும் கை பிசைய வேண்டியதுதான்.

ஹட்டன் (மீண்டும்): அண்ணன், நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு பேரை அனுப்பினோம். பவுண் விலை, செய்கூலி இரண்டு பேருக்கும் ஒன்று. சேதாரம் எனக்கு 12, டவுன் தங்கச்சிக்கு 11. இதை எப்படி எடுப்பது?

ஒரு தடவை வந்த ஒரு வீதத்தை வைத்து ஆளை எடை போட முடியாது. மேசையில் நின்றவர் ஒரே ஆளா, இரண்டு பேரா என்று பாருங்கள். இரண்டு பையன்கள் என்றால் அவர்களே ஆளுக்கொன்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள், ஆட்களை அப்படியே வைத்து நகையை மட்டும் மாற்றிக் கேளுங்கள். திரும்பவும் உங்களுக்கே கூடுதலாக வந்தால் சந்தேகம் வேண்டாம், வேறு கடை. சரிசமமாக வந்தால், பேஸ்புக்கில் எழுதியதை மட்டும் வைத்து நீங்களே முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், 74 நாள் உழைப்பைக் கொண்டுபோகிறவருக்குக் கடையைத் தெரிவு செய்ய அந்த ஒரு காரணமே போதும்.

எங்கே எடுத்தாலும் காதுகுத்துத் தோட்டில் திருகாணியைப் பாருங்கள். மூன்று சுற்றாவது முழுசாக ஏற வேண்டும், ஒரு சுற்றில் நின்றால் பிள்ளை தலையணையில் புரளும்போது கழன்றுவிடும். தண்டு 22 கரட்டில் இருக்கட்டும். வெள்ளை நிறமாகத் தெரியும் மலிவுத் தண்டில் நிக்கல் இருந்தால் காது சிவந்து தண்ணீர் வடியும். முலாம் பூசிய தோடு முதல் ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம்.